பழைய கொரோலாவா, பழைய சன்னியா? கொழும்பில் முதல் கார் வாங்குபவர் இரண்டு கார்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தம்பி ஒருவர் வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் என்னை மறித்து, கைபேசியில் இரண்டு விளம்பரங்களைக் காட்டினார். ஒன்று 2001ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121. மற்றது 2000ஆம் ஆண்டு நிசான் சன்னி எஃப்.பி. 15. இரண்டும் 1500 சி.சி., இரண்டும் ஓட்டோமெற்றிக் கியர், இரண்டும் பெற்றோல். "அண்ணா, கொரோலாவுக்கு 110 குதிரைவலு, சன்னிக்கு 105. அப்ப கொரோலாதானே நல்லது?" என்று கேட்டார். கலியாணம் முடித்து ஆறு மாதம், வீட்டில் முழங்கால் நோவோடு அம்மா, கையில் சேர்த்து வைத்த காசு. அவருக்கு இதுதான் முதல் கார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் இருபது வயதுக் கார்கூடச் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலைக்குப் போனது. இன்றைக்கும் பழைய கார் வாங்குவது சின்னச் செலவில்லை, பலருக்கு அது ஒரு காணித்துண்டு வாங்குவது மாதிரி. அதனால் அந்தத் தம்பிக்குச் சொன்னதை, பிறகு இருவரும் சேர்ந்து செய்ததை எல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வேறு இரண்டு கார்களுக்கும் இதே முறை பொருந்தும்.

ஒரு கொப்பி எடுங்கள்

முதல் வேலை ஒரு கொப்பியின் இரண்டு பக்கங்களை எடுத்து, இடது பக்கத்துக்கு "வயதாகாதவை" என்றும் வலது பக்கத்துக்கு "வயதாகுபவை" என்றும் தலைப்புப் போடுவது. விளம்பரத்தில் வரும் எண்கள் எல்லாம் தொழிற்சாலையை விட்டு வந்த அன்றைய எண்கள். அவற்றில் சில இன்றைக்கும் அப்படியே இருக்கும்: நீளம், உயரம், சக்கரங்களுக்கு இடையிலான தூரம், எஞ்சினில் இருப்பது செயினா பெல்ட்டா என்பது. சில அப்படி இருக்காது: குதிரைவலு, டோர்க் (எஞ்சினின் சுழற்றும் விசை), எரிபொருள் செலவு, பிரேக், ஏசி. முதல் வகையைத் தாளிலேயே ஒப்பிட்டு முடித்துவிடலாம். இரண்டாவது வகையை அந்தந்தக் காருக்கு முன்னால் நின்று அளந்துதான் ஒப்பிட வேண்டும், அதைத் தாளில் ஒப்பிட்டுக் காசைக் கொடுப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

வயதாகாதவற்றிலிருந்து தொடங்குவோம். 121 ஜப்பானில் 2000 ஓகஸ்ட்டில் வந்த மாதிரி, எஃப்.பி. 15 சன்னி 1998 ஒக்டோபரில் வந்தது. அகலம் இரண்டுக்கும் ஒன்றேதான், 1695 மில்லிமீற்றர். அது தற்செயல் இல்லை, ஜப்பானில் சிறிய கார் வகுப்புக்கு 1700க்குள் இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால் அந்தக் காலத்து ஜப்பான் குடும்பக் கார்கள் பலவும் இதே அகலத்தில்தான் நிற்கும். கொழும்பு ஒழுங்கைகளுக்கு அந்த அகலம் நன்றாகவே பொருந்துகிறது. நீளத்திலும் பெரிய வேறுபாடு இல்லை, கொரோலா 4365, சன்னி அதைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் கொரோலாவில் 2600, சன்னியில் 2535. உயரத்திலும் கொரோலா ஏறக்குறைய ஐந்து சென்ரிமீற்றர் கூட. இந்த இரண்டும்தான் பின் சீற்றில் முழங்காலுக்குக் கிடைக்கும் இடத்தையும், முழங்கால் நோவுள்ள ஒருவர் குனியாமல் ஏறி இறங்குவதையும் முடிவு செய்கின்றன. ஐந்து குதிரைவலுவை விட அந்த ஐந்து சென்ரிமீற்றர் தம்பியின் அம்மாவுக்கு முக்கியம் என்று சொன்னேன், அவர் அதை எழுதிக்கொண்டார். நீங்களும் தாளை நம்பி நின்றுவிடாமல் வீட்டில் மூத்தவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய் இரண்டிலும் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். கொரோலாவில் இருப்பது 1 என்.இசட். எஃப்.ஈ., சன்னியில் கியூ.ஜி. 15 டி.ஈ. இரண்டிலுமே எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது டைமிங் செயின், பெல்ட் இல்லை. அதனால் யாராவது "போன மாதம்தான் டைமிங் பெல்ட் மாற்றினேன்" என்று சொன்னால் அந்த மனிதருக்குத் தன் காரைப் பற்றித் தெரியாது, அல்லது வாயில் வந்ததைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு முந்தைய கொரோலா 110இல் பெல்ட்தான் இருந்தது, அதைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஸ்டியரிங்கும் வேறுவேறு: 121இல் மின்சார மோட்டார் உதவி, சன்னியில் எண்ணெய் பம்ப்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு மாதிரியிலும் 1.3 எஞ்சின் உள்ள கார்களும் இருக்கின்றன. கொரோலாவில் அது 2 என்.இசட்., சுமார் 87 குதிரைவலு. அதன் சேஸி இலக்கம் (காரின் உடம்பில் பொறித்திருக்கும் இலக்கம்) என்.இசட்.ஈ. 120 என்று தொடங்கும், 1.5க்கு 121. ஆனால் ஊரில் எல்லாவற்றையும் "121" என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள், விளம்பரத்திலும் அப்படியே போடுவார்கள். சன்னியிலும் கியூ.ஜி. 13 உண்டு. அதனால் பேச்சை விட்டுவிட்டு, சி.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) எஞ்சின் கொள்ளளவு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், 1290 மட்டில் இருந்தால் அது 1.3.

குதிரைவலுவை என்ன செய்வது?

புதிதாக இருந்தபோது கொரோலாவின் 1.5 எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் 109, 110 குதிரைவலு கொடுத்தது. சன்னி அதே 6000 சுற்றில் 105. டோர்க் கொரோலாவில் 4200 சுற்றில் ஏறக்குறைய 141 நியூட்டன் மீற்றர், சன்னியில் 4000 சுற்றில் 135. சில பட்டியல்களில் டோர்க்கைக் கிலோகிராம் மீற்றரில் 14.4, 13.8 என்று போட்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம், 9.8ஆல் பெருக்கினால் மற்ற அலகுக்கு வந்துவிடும். ஒரு காருக்கு ஒரு அலகு, மற்றதற்கு வேறு அலகு என்று வைத்து ஒப்பிட்டுவிடாமல் இருந்தால் போதும்.

இப்போது காலி வீதியை நினைத்துப் பாருங்கள். பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை மாலை ஐந்தரைக்கு ஓடும்போது எஞ்சின் 1500க்கும் 2500க்கும் இடையில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். 6000 சுற்றுக்கு நீங்கள் வருடத்தில் ஒரு தடவைகூடப் போக மாட்டீர்கள். ஆக, அந்த 110உம் 105உம் உங்கள் அன்றாட ஓட்டத்தைத் தொடவே இல்லை.

இன்னும் தெளிவாகப் பார்க்க எடையை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். காரின் வெற்று எடை சி.ஆர். புத்தகத்தில் இருக்கும். உதாரணத்துக்கு இரண்டு காரும் 1050 கிலோ என்று வைப்போம். 110ஆல் பிரித்தால் ஒரு குதிரைவலு இழுக்க வேண்டியது 9.5 கிலோ, 105ஆல் பிரித்தால் 10 கிலோ. இனி ஆளுக்கு 70 கிலோ என்று நான்கு பேரை ஏற்றுங்கள், 1330 கிலோ. கொரோலாவுக்கு 12.1, சன்னிக்கு 12.7. இரண்டு காருக்கும் இடையில் இருப்பது அரைக் கிலோ சொச்சம், நான்கு பேர் ஏறியதால் கூடியது இரண்டரைக் கிலோ. அதற்கு மேல் ஏசி எடுத்துக்கொள்வது வேறு. ஒரு சிலிண்டரில் கம்பிரஷன் (உள்ளே காற்றை அழுத்தும் பலம்) விழுந்துபோன எஞ்சின் இந்த ஐந்து குதிரைவலுவைப் போலப் பல மடங்கை ஏற்கெனவே இழந்திருக்கும். தம்பியின் கேள்விக்கு என்னுடைய பதில் இதுதான்: 110ஐயும் 105ஐயும் சமன் என்று எழுதிவிட்டு, இன்றைக்கு அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கப் போவோம்.

ஜப்பான் பட்டியல்களில் வரும் லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்ற எண்ணையும் கொப்பியில் எழுத வேண்டாம். அது உருளைகளின் மேல் காரை ஓட்டி, 10-15 என்ற முறையில் ஆய்வுகூடத்தில் எடுத்தது. பொரளைச் சந்தியில் நிற்கும் காருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

போவதற்கு முன்பே சி.ஆர். புத்தகம்

காரைப் பார்க்கப் புறப்படுவதற்கு முன்பே சி.ஆர். புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் போக வேண்டாம். அதில் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்: தயாரித்த ஆண்டும் இலங்கையில் முதலில் பதிந்த ஆண்டும், எத்தனை பேர் கை மாறியது, எஞ்சின் இலக்கமும் சேஸி இலக்கமும், பிறகு "முழு உரிமையாளர்" என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பது. ஜப்பானில் ஓடிவிட்டு ரீகண்டிஷனாக வந்த காருக்குத் தயாரித்த ஆண்டும் பதிந்த ஆண்டும் வேறுவேறாக இருக்கும். விலை பேசும்போது தயாரித்த ஆண்டைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் அடைத்து முடித்ததற்கான கடிதம் வந்து, அந்தப் பெயர் நீங்கும் வரைக்கும் முற்பணமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். என் சித்தி மகன் ஒருவர் "ஓப்பன் பேப்பர்" என்று, அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட படிவத்தோடு மட்டும், விற்கப்பட்ட ஒரு வேனை வாங்கி, இரண்டு கை தாண்டி இருந்த பழைய உரிமையாளரைத் தேடி ஒன்றரை வருடம் அலைந்தார். அந்த வேன் வீட்டு முற்றத்தில் லைசன்ஸ் இல்லாமல் நின்றது, அவருடைய பிள்ளைகள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனார்கள். அதைக் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன், பதிவில் இருப்பவரே உங்களுக்கு முன்னால் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது

இதுதான் முழு வேலையிலும் முக்கியமான கட்டம், அவசரப்படாமல் செய்யுங்கள். விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "காலையில் ஆறரைக்கு வருகிறோம், நாங்கள் வரும் வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." போனதும் முதலில் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். 2013இல் நான் வாங்கிய முதல் காரை மத்தியானம் ஒரு மணிக்குத்தான் பார்த்தேன், எஞ்சின் சூடாக அழகாக ஓடிக்கொண்டிருந்தது, அடுத்த நாள் காலையில் வீட்டில் ஸ்டார்ட் பண்ணியபோது பின்னால் ஒழுங்கை தெரியாத அளவுக்கு நீலப் புகை. எஞ்சினைக் கழற்றிச் செய்வதற்குள் என் சேமிப்பு முடிந்தது.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பு ஒயில் குச்சியை எடுத்துப் பாருங்கள், ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள் (குளிர்ந்திருக்கும்போது மட்டும், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்). கூலன்ட் பச்சை அல்லது சிவப்பு நிறத்தில் சுத்தமாக இருக்க வேண்டும். துரு நிறத் தண்ணீராக இருந்தால் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒயில் மூடிக்கு அடியில் பால்தேநீர் நிறத்தில் கசடு இருந்தால் தண்ணீரும் ஒயிலும் எங்கோ சேர்கின்றன, அந்தக் காரை அங்கேயே விட்டுவிடலாம்.

பிறகு ஒருவர் பின்னால் நிற்க, மற்றவர் ஸ்டார்ட் பண்ணட்டும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெற்றோல் அளவுக்கு மேல் போகிறது. வெள்ளை நீராவி காலையில் கொஞ்சம் வரலாம், எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. செயின் பக்கம் காதைக் கொடுங்கள். ஓரிரு விநாடி கலகலப்பு வந்து அடங்கினால் பரவாயில்லை, தொடர்ந்து கேட்டால் செயின் நீண்டுவிட்டது. சன்னியின் கியூ.ஜி. எஞ்சினில் இதைக் கூடுதல் கவனத்தோடு கேளுங்கள். அந்த எஞ்சினுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு, கேம் சென்சரும் கிராங் சென்சரும் பழுதாகி ஓடும்போதே திடீரென்று நின்றுவிடும். "எப்போதாவது ஓடும்போது நின்றிருக்கிறதா, சென்சர் மாற்றினீர்களா, பில் இருக்கிறதா?" என்று நேரே கேளுங்கள். கொரோலாவின் என்.இசட். எஞ்சின் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ஒயிலை நேரத்துக்கு மாற்றாமல் ஓடினால் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஒயில் குடிக்கத் தொடங்கும்.

நாங்கள் பார்த்த கொரோலா தெஹிவளையில், கடற்கரைப் பக்கம். வெளியே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. ஸ்டார்ட் பண்ணியதும் மெல்லிய நீலப் புகை, ஒரு நிமிடத்தில் மறைந்துவிட்டது. சன்னி கொட்டாஞ்சேனையில், பெயின்ற் மங்கி, ஒரு பக்கக் கண்ணாடி ரேப் போட்டு ஒட்டியிருந்தது. ஆனால் புகையே இல்லை, செயின் ஒரு விநாடியில் அடங்கியது, கேம் சென்சர் மாற்றிய பில்லையும் அந்த ஐயா எடுத்து வைத்திருந்தார்.

உப்புக்காற்றும் வெள்ளமும்

கொழும்புக் காருக்கு எஞ்சினை விட உடம்பு சீக்கிரம் போகும். மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் வெளியே நிற்கும் கார்களை உப்புக்காற்று உள்ளிருந்து தின்னும். டிக்கி விரிப்பைத் தூக்கி, உபரி ரயரையும் எடுத்துவிட்டு, அந்தக் குழிக்குள் லைட் அடித்துப் பாருங்கள். கதவுகளின் அடி விளிம்பு, சக்கர வளைவுகளின் உள்பக்கம், முன்னால் ஷொக் ஏறும் மேடை, இந்த மூன்றையும் கையால் தடவிப் பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனால், பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. கதவு, பொனட் ஆணிகளின் தலையில் பெயின்ற் உடைந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள், ஏன் கழற்றினார்கள் என்று கேட்க வேண்டும். புதுப் பெயின்ற் அடித்த பழைய காரை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன், மங்கிய ஒரிஜினல் பெயின்ற் ஒன்றையும் மறைக்காது.

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் எத்தனையோ கார்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. அவை எல்லாம் உடைத்து விற்கப்படவில்லை. சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளம் கண்ட கார். சீற்றின் கீழ்த் தண்டவாளத்தில் துரு, கம்பளத்துக்குக் கீழே மண், எவ்வளவு வாசனை போட்டாலும் போகாத ஊத்தைத் துணி மணம், இவையும் அதே கதையைத்தான் சொல்லும்.

எங்கள் கொரோலாவின் உபரி ரயர்க் குழியில் புதுப் பெயின்றுக்கு அடியில் துரு கொப்புளம் போட்டிருந்தது.

ஒரே பாதை, ஒரே ஆட்கள், ஒரே நேரம்

ஓட்டிப் பார்ப்பதில் பெரும்பாலானோர் விடும் பிழை, ஒரு காரை ஞாயிறு காலை வெற்று வீதியிலும் மற்றதைத் திங்கள் மாலை நெரிசலிலும் ஓட்டுவது. அப்படி ஒப்பிட முடியாது. முதலில் காப்புறுதி என்ன வகை என்று கேளுங்கள், ஃபுல் இல்லாமல் மூன்றாம் தரப்பு மட்டும் என்றால் விற்பவரே ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். பிறகு இரண்டு காரையும் ஒரே பாதையில், நான்கு பேரோடு, ஏசி போட்டு ஓட்டுங்கள். நாங்கள் எடுத்த பாதை காலி வீதி நெரிசலில் பதினைந்து நிமிடம், பிறகு தெஹிவளை மேம்பாலம், பிறகு கொட்டாவையில் ஏறித் தெற்கு அதிவேகப் பாதையில் ஒரு வெளியேற்றம் வரை.

நெரிசலில் பார்க்க வேண்டியது வெப்பமானி முள்ளும் ஏசியும். முள் நடுவுக்குக் கொஞ்சம் கீழே வந்து அசையாமல் நிற்க வேண்டும். ஏசி ஓடும்போது எஞ்சின் நடுங்குகிறதா, கார் நிற்கும்போது காற்று சூடாகிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு மணி வெயிலில் குளிராத ஏசி காலையில் குளிர்ந்து பயனில்லை, அதனால் இந்தப் பகுதியை மத்தியானத்தில் செய்வது நல்லது. மேம்பாலத்தில் 30இலிருந்து 60க்குப் போக எத்தனை விநாடி என்று பக்கத்தில் இருப்பவர் கைபேசியில் பிடிக்கட்டும், மூன்று தடவை பிடித்து நடு எண்ணை எழுதுங்கள். இந்த ஒரு எண், பட்டியலில் உள்ள குதிரைவலுவை விட உங்களுக்கு அதிகம் சொல்லும். எங்களுக்குத் தாளில் வலு குறைந்த சன்னிதான் மூன்று தடவையும் முந்தியது.

கியருக்கு: நிறுத்தி வைத்துப் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலிலிருந்து டிரைவுக்குப் போடுங்கள், ஒரு விநாடிக்குள் மெதுவாகப் பிடிக்க வேண்டும். தாமதித்துப் பிடித்தாலோ இடித்துக்கொண்டு பிடித்தாலோ கியர்ப்பெட்டி தேய்கிறது. இரண்டு காரிலும் நான்கு கியர்தான், கடைசிக் கியர் விழும்போது சுற்று இறங்குவது காதுக்கே தெரியும். கியர் ஒயில் சிவப்பாக இருக்க வேண்டும், கருகிய மணத்தோடு கறுத்திருந்தால் வேண்டாம். அதிவேகப் பாதையில் 100தான் எல்லை, அந்த வேகத்தில் ஸ்டியரிங் ஆடுகிறதா, பிரேக் மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். கொரோலாவில் மேடுபள்ளத்தில் ஸ்டியரிங் தண்டிலிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தால் அதன் இணைப்பு தேய்ந்திருக்கிறது, அது கார் ஓடாத அளவுக்குப் பெரிய பழுதில்லை, ஆனால் விலையில் கழிக்கலாம்.

காற்றுப்பை லைட்டையும் மறக்க வேண்டாம். சாவி திருப்பியதும் எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். பிள்ளைகள் ஏறப்போகும் காரில் இது சின்ன விஷயமில்லை. ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு கிழமை, கடைசி இரண்டு ஆண்டு. 2317 என்றால் 2017இன் 23ஆம் கிழமை, பூ நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டிய ரயர்.

கிலோமீற்றர் மானியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைப்பீர்கள். இருபது வயதுக் காரில் அந்த எண்ணை நான் எழுதுவதே இல்லை. பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், சாரதி சீற்றின் ஓரம், இவற்றின் தேய்வைப் பாருங்கள்.

கராஜ்

இவ்வளவும் தாண்டி வந்த காரை, விற்பவர் சொல்லும் கராஜுக்கு இல்லாமல் உங்களுக்குத் தெரிந்த பாஸிடம் (மெக்கானிக்கிடம்) கொண்டுபோங்கள். ஹொயிஸ்ட்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேன் பண்ணுவதானால் நல்ல ஸ்கேனர் உள்ள இடமாக இருக்கட்டும், மலிவுக்குக் கிடைக்கும் சின்னக் கருவிகள் அந்தக் காலத்து ஜப்பான் கார்களோடு பல நேரம் பேசாது. எல்லாவற்றையும் விடக் கம்பிரஷன் பார்ப்பதற்குக் காசு கொடுக்கத் தயங்காதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராகக் கேஜ் வைத்து எஞ்சினைச் சுற்றுவார்கள். எண் எவ்வளவு என்பதோடு, நான்கும் எவ்வளவு கிட்டக் கிட்ட இருக்கின்றன என்பதும் முக்கியம். 15 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் வித்தியாசம் இருந்தால் யோசிக்க வேண்டும்.

சன்னியில் நான்கும் 165க்கும் 172க்கும் இடையில் வந்தன. கொரோலாவில் மூன்று 180க்குப் பக்கத்தில், ஒன்று 150. பாஸ் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பார்த்தார், 175க்கு ஏறியது. ஒயில் விட்டதும் ஏறினால் ரிங் போயிருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. காலையில் பார்த்த நீலப் புகைக்கும் மேம்பாலத்தில் பிந்தியதற்கும் காரணம் கேஜிலேயே தெரிந்துவிட்டது.

பஞ்சிகாவத்தையில் ஒரு மத்தியானம்

ஒப்பீட்டில் பலரும் விட்டுவிடும் வரி இது. மருதானைப் பக்கம் பஞ்சிகாவத்தைக்கோ, நுகேகொடைப் பக்கம் தெல்கந்தைக்கோ ஒரு நாள் போய், இரண்டு காருக்கும் ஒரே பத்துப் பொருளுக்கு விலை கேளுங்கள்: முன் ஷொக், லோவர் ஆம், எஞ்சின் மவுன்ட், ரேடியேற்றர், ஏசி கம்பிரஸர், ஓல்ட்டனேற்றர், ஸ்டார்ட்டர், முன் லைட், பக்கக் கண்ணாடி, கதவுக் கண்ணாடி மோட்டார். ஒவ்வொன்றுக்கும் ஜப்பான் பழசு, புதிய ஒரிஜினல், மற்ற நாட்டுப் புதுசு என்று மூன்று விலை வரும், மூன்றையும் எழுதுங்கள். கடைக்காரர் உடனே எடுத்துக் காட்டுகிறாரா, "நாளைக்கு வாங்கோ" என்கிறாரா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். இரண்டு காருக்கும் இங்கே பொருள் கிடைக்கும், அந்த விதத்தில் இவை நல்ல தெரிவு.

பிறகு விலையோடு உடனடிச் செலவைக் கூட்டுங்கள். எங்கள் கணக்கில் சன்னிக்குச் சத்தம் போடும் ஏசி கம்பிரஸர், பக்கக் கண்ணாடி, இரண்டு ரயர். கொரோலாவுக்கு எஞ்சின் வேலை, துரு வேலை. எரிபொருளையும் சேருங்கள்: மாதம் 1000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு லீற்றருக்கு 9 கிடைக்கும் காருக்கும் 11 கிடைக்கும் காருக்கும் வித்தியாசம் மாதம் இருபது லீற்றர். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூ.ஆர். கோட்டோடு வரிசையில் நின்றவர்களுக்கு இருபது லீற்றர் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு காரும் ஒரே நிலையில் இருந்திருந்தால் நான் கொரோலா என்றுதான் சொல்லியிருப்பேன். உயரம், பின் சீற் இடம், திருப்பி விற்கும்போது வரும் விலை, மூன்றும் அதன் பக்கம். ஆனால் எங்களுக்கு முன்னால் நின்றவை ஒரே நிலையில் இல்லை, தம்பி சன்னியை எடுத்தார். அம்மாவுக்கு முன் சீற்றைப் பின்னால் தள்ளி, ஒரு தடித்த மெத்தை போட்டிருக்கிறார்.

காசு கொடுக்கும் நாள்

கம்பிரஷன் தாளையும் பஞ்சிகாவத்தை விலைகளையும் காட்டியே விலை பேசுங்கள், சத்தம் போடத் தேவையிருக்காது. காசை வங்கி வழியாகக் கொடுங்கள். வாங்கும்போது கையில் இருக்க வேண்டியவை: மூலச் சி.ஆர். புத்தகம், விற்பவர் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவங்கள், அவருடைய அடையாள அட்டைப் பிரதி, நடப்பு வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், இரண்டாவது சாவி. சேஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் அன்றைக்கு இன்னொரு தடவை புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்தை அடுத்த கிழமைக்கு என்று தள்ளிப் போடாமல் நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உடனே கொடுத்துவிடுங்கள். காப்புறுதிக் கம்பனியிடம் இந்த வயதுக் காருக்கு ஃபுல் தருவார்களா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது.

வீட்டுக்கு வந்த முதல் கிழமையில் எஞ்சின் ஒயில், ஒயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிளக், வெளிப் பெல்ட்கள், பிரேக் ஒயில் எல்லாம் மாற்றிவிடுங்கள், பழையவர் எப்போது மாற்றினார் என்று யோசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. பிறகு டாங்கை வாய் வரை நிரப்பி, பயண மானியைச் சுழியமாக்கி, அடுத்த தடவை அதே ஷெட்டில் அதே பம்பில் திரும்ப நிரப்பி, ஓடிய கிலோமீற்றரை ஊற்றிய லீற்றரால் பிரியுங்கள். மூன்று டாங்குக்கு இப்படி எழுதினால்தான் உண்மையான எண் வரும். தம்பியின் கொப்பியில் வலது பக்கத்தின் கடைசி வரியில் இப்போது 9.4, 10.1, 9.8 என்று இருக்கிறது. மூன்றும் வெள்ளவத்தைக்கும் கோட்டைக்கும் இடையில், ஏசி போட்டு ஓடியது.